ஜன்னல் கோளாறு: அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

மழைக்காலத்தில் ஜன்னல் கதவு சாத்த வரவில்லை என்றதும் இழைப்புளியைக் கையில் எடுக்காதீர்கள். மற்ற எதைச் சொல்வதற்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம். சிதம்பரத்தில் 1991-ல் கட்டிய வீடு, கிழக்குப் பார்த்த சமையலறை ஜன்னல், மரத்தில் இரட்டைக் கதவு. ஒரு கார்த்திகை அடைமழையில் கதவு இறுகிக்கொண்டது. ஆசாரி வந்து கழற்றி, இரண்டு கதவையும் ஓரம் இழைத்து மாட்டிவிட்டுப் போனார், விரலால் தள்ளினாலே சாத்திக்கொண்டது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சித்திரை வந்ததும் மரம் காய்ந்து சுருங்கி, இரண்டு கதவுக்கும் நடுவில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்குச் சந்து விழுந்துவிட்டது. கொசு வந்தது, பல்லி வந்தது, கோடை மழைச் சாரல் நேராக அடுப்பு மேடையில் விழுந்தது. இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

அதற்கப்புறம்தான் ஜன்னலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஜன்னல் என்று ஒன்றாகச் சொன்னாலும் அதில் மூன்று சமாச்சாரம் இருக்கிறது: சுவரில் விட்ட திறப்பு, அந்தத் திறப்புக்குள் உட்கார்ந்திருக்கும் நிலை, நிலையில் தொங்கும் கதவு. திறப்புக்கு மேலே லிண்டல் என்கிற கான்கிரீட் உத்தரம் சுவரின் பாரத்தைத் தாங்குகிறது, நிலைக்கு அந்தப் பாரம் வரவே கூடாது, கதவு நிலையை மட்டும் நம்பித் தொங்குகிறது. கோளாறு கதவில் தெரியும், ஆனால் ஆரம்பித்தது சுவரிலாக இருக்கலாம். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு அறிகுறிக்கும் முதல் வேலை, மூன்றில் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான். ஒரு ரசமட்டம், நூலில் கட்டிய குண்டு, சாக்பீஸ், குட்டைத் திருப்புளி, டார்ச், ஒரு ஊதுபத்தி, இவ்வளவு போதும்.

மழைக்காலத்தில் மட்டும் கதவு இறுகுகிறது

கதவின் ஓரம் முழுக்க சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, முடிந்தவரை சாத்தித் திறந்து பாருங்கள். உரசுகிற இடத்தில் சாக் அழிந்திருக்கும், நிலையிலும் ஒட்டியிருக்கும். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக அழிந்திருந்தால் மரம் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். மரம் ஈரத்தில் அகலவாக்கில்தான் பருக்கும், நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறவே மாறாது. அதனால்தான் கதவின் உயரம் அப்படியே இருக்க, பக்கம் மட்டும் பிடிக்கிறது.

அடுத்த கேள்வி, ஈரம் எங்கிருந்து உள்ளே போகிறது? கதவின் அடி விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள், பல வீடுகளில் அந்த இடம் சொரசொரவென்று பெயின்ட் படாத வெறும் மரமாகவே இருக்கும். பெயின்டர் கண்ணுக்குத் தெரிகிற முகங்களுக்கெல்லாம் இரண்டு கோட் அடித்திருப்பார், கதவை மாட்டியபடியே அடித்ததால் அடி விளிம்புக்கும் தலை விளிம்புக்கும் பிரஷ் போயிருக்காது. அங்கேதான் பக்கச் சட்டங்களின் வெட்டுமுனை இருக்கிறது, மரத்தின் நார்க்குழாய்கள் வாய் திறந்து நிற்கிற இடம் அது. கதவின் முகம் குடிப்பதைவிடப் பல மடங்கு தண்ணீரை அந்த முனை குடிக்கும். எங்கள் ஜன்னலில் கைக்கண்ணாடியை நிலைக்குக் கீழே இருக்கும் திண்டில் மல்லாத்தி வைத்துத்தான் அதைப் பார்த்தேன். வெளியே பளபளவென்று பச்சை எனாமல், அடியில் கறுத்துப்போன வெறும் தேக்கு.

எனவே மழைக்காலத்தைச் சமாளிக்க மெழுகுவர்த்தியையோ சோப்பையோ உரசுகிற இடத்தில் தேயுங்கள், தற்காலிகத்துக்கு அது நன்றாகவே வேலை செய்யும். மாசி, பங்குனியில் மரம் நன்றாகக் காய்ந்த பிறகு கதவைக் கழற்றி, அடி விளிம்பு, தலை விளிம்பு, கீல் உட்காரும் பக்கம் என்று விட்டுப்போன இடத்துக்கெல்லாம் ப்ரைமர் ஒன்று, பெயின்ட் இரண்டு கோட் அடியுங்கள். பெரும்பாலான கதவுகள் அடுத்த ஐப்பசிக்கே அடங்கிவிடும். அப்படியும் பிடித்தால் மட்டும் இழைக்கலாம், அதுவும் காய்ந்த காலத்தில், ஒரு போஸ்ட்கார்டு கனத்துக்கு மேல் போகாமல். இழைத்த இடத்துக்கு அன்றைக்கே பெயின்ட்.

எல்லாக் காலத்திலும் ஒரே மூலை உரசுகிறது

சாக் அழிந்தது தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலையில் மட்டும் என்றால், கூடவே அதே பக்கத்துக் கீழ்மூலை திண்டில் இழுபட்டால், கதவு தொங்கிவிட்டது. மேல்கீல் தளர்ந்திருக்கிறது. கதவைப் பாதி திறந்து, தாழ்ப்பாள் பக்கத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். மேல்கீலில் ஆட்டம் கண்ணுக்கே தெரியும்.

ஸ்க்ரூவை முறுக்கினால் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? ஓட்டை தேய்ந்துவிட்டது. கழற்றி எடுத்து, மூங்கில் சிம்பையோ மருந்து நீக்கிய தீக்குச்சிகளையோ ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டைக்குள் இறுக்கமாகத் திணித்து, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக வெட்டிவிட்டு, பழையதைவிட அரை அங்குலம் நீளமான ஸ்க்ரூவைப் போடுங்கள். நம் ஊர் ஜன்னலில் கதவு வெளியே திறக்கும், கம்பி உள்பக்கம் இருக்கும். மாடி ஜன்னல் என்றால் ஏணி கட்டி வெளியே தொங்க வேண்டியதில்லை. கதவைச் செங்குத்தாகத் திறந்து வைத்தால் கதவுப் பக்கத்து ஸ்க்ரூக்கள் உள்ளே நம்மைப் பார்த்து இருக்கும், கம்பிகளுக்கு நடுவே திருப்புளியை விட்டு முறுக்கிவிடலாம். நிலைப் பக்கத்து ஸ்க்ரூக்களுக்குத்தான் கையை வெளியே நீட்டிக் குட்டைத் திருப்புளியால் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு கீல்தான், இரண்டையும் சேர்த்துத் தளர்த்திவிட்டால் கதவு கீழே போய்விடும், கீழே யார் நடக்கிறார்கள் என்று தெரியாது.

கீல் கெட்டியாக இருந்தும் மூலை உரசினால் நிலையைப் பாருங்கள். இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளந்தால் சமமாக இருக்க வேண்டும். சமமில்லை, முன்பு நன்றாகச் சாத்திக்கொண்டிருந்த கதவு என்றால், நிலை நசுங்குகிறது. அப்போது கம்பிகளைப் பாருங்கள். நேராக நின்ற கம்பிகள் நடுவில் லேசாக வில்லாக வளைந்திருந்தால் மேலே இருக்கிற பாரம் நிலைமேல் இறங்குகிறது, லிண்டல் தன் வேலையைச் செய்யவில்லை. இது ஆசாரி வேலை இல்லை, எஞ்சினியரைக் கூப்பிட வேண்டியது. விரிசல் பற்றிக் கீழே சொல்கிறேன், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

மழை பெய்தால் உள்ளே தண்ணீர் வருகிறது

அதிகமாகப் பணம் வீணாவது இதில்தான். தண்ணீர் தெரிந்த இடத்தில் சிலிகான் குழாயைப் பிதுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம், அடுத்த மழையில் அரை அடி தள்ளி வருகிறது. மழை பெய்யும்போதே டார்ச்சோடு நின்று, முதல் துளி எங்கே வருகிறது என்று பார்ப்பது ஆயிரம் ரூபாய் வேலைக்குச் சமம். மழைக்குக் காத்திருக்க முடியாது என்றால் ஹோஸ் குழாயால் சோதிக்கலாம், ஆனால் கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் திண்டின் வெளிப்பக்கம் பத்து நிமிடம், அப்புறம் நிலையின் இரு பக்கம், அப்புறம் மேலே, கடைசியில் சன்ஷேடு. மேலே முதலில் அடித்தால் எல்லாம் நனைந்து, எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போகும்.

எந்த ஜன்னல் என்பதும் ஒரு துப்பு. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, ஆகவே வடக்கும் கிழக்கும் பார்த்த ஜன்னல்கள் அடிவாங்கும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி ஆடிச் சாரலுக்கு மேற்குப் பார்த்தவை. காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் ஜன்னலில் தண்ணீர் வருகிறது என்றால் அது ஜன்னல் தண்ணீரே இல்லாமல் இருக்கலாம், மொட்டைமாடியிலிருந்தோ மேல்மாடிக் குளியலறையிலிருந்தோ சுவருக்குள் இறங்கி, லிண்டல் அடியில் தலைகாட்டுகிறது.

மேல்பக்கத்தில் சொட்டுகிறதென்றால் சன்ஷேடின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தண்ணீர் விளிம்பிலிருந்து நேராகக் கீழே விழுந்துவிடாது, அடிப்பரப்பில் ஒட்டிக்கொண்டே சுவர்வரை திரும்பி ஓடிவரும். அதைத் தடுக்கத்தான் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, அடியில் நீளமாக ஒரு பள்ளக்கோடு இழுக்க வேண்டும். பள்ளத்தைத் தாண்ட முடியாமல் நீர் அங்கேயே சொட்டிவிடும். பூச்சுவேலையின்போது இழுத்தால் செலவே இல்லாத வேலை, விட்டுவிட்டால் வருஷா வருஷம் தொல்லை. பழைய சன்ஷேடுக்கு, விளிம்பின் அடியில் மெல்லிய அலுமினியப் பட்டையோ பிவிசி கோணப்பட்டையோ நீளமாக ஒட்டினால் அதே பலன் கிடைக்கும்.

கீழ்ப்பக்கத்தில் வந்தால் திண்டில் ரசமட்டத்தை வையுங்கள். வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், மட்டமாக இருந்தாலே தப்பு, உள்பக்கம் சரிந்திருந்தால் வேறு எங்கேயும் தேட வேண்டாம். கடப்பாக் கல்லோ கிரானைட்டோ பதித்த திண்டு என்றால் கல் சுவரைவிட ஓரிரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு, அதன் அடியிலும் ஒரு பள்ளக்கோடு இருக்க வேண்டும். சுவரோடு சமமாக வெட்டிவிட்ட கல் எல்லாத் தண்ணீரையும் சுவருக்கே கொடுக்கும்.

பக்கத்தில் வந்தால் நிலைக்கும் பூச்சுக்கும் நடுவே முடிபோல ஒரு பிளவு இருக்கும். மரம் அசையும், சிமென்ட் அசையாது, அதனால் அந்த இடத்தில் சிமென்ட் வைத்துப் பூசினால் மறுபடி பிளக்கும். பழையதைச் சுரண்டி எடுத்து, வளைந்துகொடுக்கிற சீலன்ட் போட வேண்டும். மேலே பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் பாலியூரிதேன் வாங்குங்கள், சாதாரண சிலிகான்மேல் பெயின்ட் நிற்காது. வெளிப்பக்கம் அடையுங்கள். உள்பக்கம் மட்டும் அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் தங்கி, பக்கத்துச் சுவரில் பூசிய பட்டியை உரித்துவிடும்.

அலுமினியம், யுபிவிசி (ஒரு வகைப் பிளாஸ்டிக்) ஸ்லைடிங் ஜன்னலில் கதை வேறு. அதன் ட்ராக்கில் தண்ணீர் நுழையத்தான் செய்யும், நுழைந்தது வெளியே போகிறதா என்பதுதான் விஷயம். ட்ராக்கில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வெளிப்பக்கத் துளைகள் வழியாகச் சில நொடியில் வடிய வேண்டும். நிற்கிறது என்றால் தூசியும் முடியும் சேர்ந்து அடைத்திருக்கும், பழைய டூத் பிரஷ்ஷும் மெல்லிய கம்பியும் போதும். ஒழுகுகிறதே என்று அந்தத் துளைகளையே சிலிகான் வைத்து அடைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்கு இருந்த ஒரே வாசலை அடைத்தால் அது அறைக்குள்தான் வரும்.

துளைகள் சுத்தமாக இருந்தும் பெருங்காற்றில் மட்டும் வழிகிறதா? மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் அதன் அழுத்தம் ட்ராக்கில் சுமார் 12 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கி நிறுத்தும். 100 கிலோமீட்டர் என்றால் நான்கு மடங்கு, சுமார் 47 மில்லிமீட்டர். பெரும்பாலான ட்ராக்கின் உள்விளிம்பு அந்த உயரம் இருக்காது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையைக் கடந்த மாதிரி நாளில் துணியைச் சுருட்டி வைத்து, பிழிந்து பிழிந்து வைப்பதைத் தவிர வழியில்லை. அதற்காக ஜன்னலை மாற்ற வேண்டாம். சாதாரண மழைக்கே வழிந்தால்தான் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஜன்னல் திறந்திருக்கிறது, காற்று வரவில்லை

ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் நடுவில் பிடியுங்கள், ஃபேனை நிறுத்திவிட்டு. புகை அங்கேயே சுற்றிச் சுற்றி நிற்கிறதா? இப்போது அறைக்கதவையும் எதிர்ப்பக்க ஜன்னலையும் திறந்துவிட்டு மறுபடி பிடியுங்கள். புகை சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்தால் உங்கள் ஜன்னலில் குறையில்லை, காற்றுக்கு வெளியே போக வழி இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். போக வழி இல்லாத இடத்துக்குக் காற்று வராது. ஒரே சுவரில் எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும், எதிரே ஒரு சின்னத் திறப்பு கொடுக்கிற பலன் வராது. பழைய வீடுகளில் லிண்டலுக்கு மேலே வைத்த வென்டிலேட்டர் அதற்குத்தான், மேலே ஏறும் சூடான காற்று அங்கே வெளியேறும். ஏசி போடும்போது அதை அட்டை வைத்து அடைத்துவிட்டு, கரண்ட் போன ராத்திரியில் வெந்துபோகிறோம்.

அளவையும் பாருங்கள். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களுக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு கேட்கிறது. 10-க்கு 12 அறை என்றால் 20 சதுர அடி. நான்கடிக்கு நான்கரையடி ஜன்னல் ஒன்று வைத்தால் 18, கிட்டத்தட்ட சரி என்று தோன்றும். ஆனால் அது இரண்டு கதவு ஸ்லைடிங் என்றால் திறப்பது பாதிதான், 9 சதுர அடி. அதன்மேல் தூசி படிந்த கொசுவலை. வலையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி மாட்டுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். புதிதாக வைப்பவர்களுக்கு என் அபிப்பிராயம்: படுக்கையறைக்கு ஸ்லைடிங் வேண்டாம், கீலில் திறக்கிற கதவையே வையுங்கள். முழுத் திறப்பும் கிடைக்கும், சுவரை ஒட்டிப் போகிற காற்றைக்கூட அந்தக் கதவு கை நீட்டி உள்ளே திருப்பிவிடும்.

மேற்கு ஜன்னல் அறை மாலையில் கொதிக்கிறதென்றால் அது காற்றுப் பிரச்சினையே இல்லை. மாலை வெயில் தாழ்வாக வருகிறது, இரண்டடி சன்ஷேடு அதை மறைக்காது. உள்ளே திரை போட்டால் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூடு திரையிலிருந்து அறைக்குள்தான் பரவும். வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள், வெயிலைக் கண்ணாடிக்கு முன்னாலேயே நிறுத்துங்கள். கடலோர ஊர்களில் கோடை மதியம் கடற்காற்று எடுக்கும்வரை மேற்கே இருந்து அனல் வரும், அதுவரை மேற்கை மூடி வைத்து, காற்று திரும்பியதும் கிழக்கைத் திறந்தால் வீடு சீக்கிரம் ஆறும்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல்

சுவரில் ஓட்டை விட்ட இடத்தில் மூலைகளில்தான் இழுவிசை குவியும், அதனால் மூலையில் முடிபோல விரிசல் விழுவது சகஜம். பயப்பட வேண்டுமா என்பதை விரிசலே சொல்லும், கொஞ்சம் பொறுமை வேண்டும். விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்கே கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலின் குறுக்கே இரண்டு பக்கமும் எபாக்ஸி வைத்து ஒட்டுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். கோட்டைத் தாண்டவில்லை, கண்ணாடி உடையவில்லை என்றால் பூச்சு விரிசல்தான், கீறி அகலப்படுத்திப் பட்டி வைத்து அடிக்கலாம். கண்ணாடி உடைந்தால், அல்லது ஒரு நாணயத்தின் விளிம்பு உள்ளே நுழைந்தால், அஸ்திவாரம் இறங்குகிறதா, லிண்டல் இரு பக்கச் சுவரிலும் குறைந்தது ஆறு அங்குலமாவது உட்கார்ந்திருக்கிறதா என்று எஞ்சினியர் பார்க்க வேண்டும்.

லிண்டல் அடியில் நீளவாக்கில் பிளந்து துருக்கறை தெரிந்தால் காத்திருக்காதீர்கள். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைத் தள்ளுகிறது. உப்புக்காற்று ஊர்களில் இது சாதாரணம். மேலே சிமென்ட் பூசினால் ஒரு வருஷத்தில் அந்தப் பூச்சோடு சேர்ந்து விழும், அடியில் யார் தலை இருக்குமோ. உதிர்கிற கான்கிரீட்டை உடைத்து, துருவைச் சுத்தமாக நீக்கி, துருத்தடுப்பு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் கட்ட வேண்டும். ஜன்னல் கம்பி நிலைக்குள் இறங்கும் ஓட்டையிலும் இதே துருதான் நிலையின் அடிச்சட்டத்தைப் பிளக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை அந்த வாயைச் சுரண்டி ரெட் ஆக்ஸைடு வைத்தால் போதும்.

காற்றடித்தால் படபடவென்று அடிக்கிறது

கண்ணாடியை விரல் நுனியால் தட்டுங்கள். கலகலத்தால் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங் சட்டமோ மக்குவோ விட்டுவிட்டது, புதிதாக வைக்க வேண்டும். கண்ணாடி கெட்டியாக இருந்து கதவு ஆடினால் கொக்கி தளர்ந்திருக்கும், வளையத்தை இடுக்கியால் கொஞ்சம் நெளித்தால் இறுகும். புயல் வரும்போது காற்றழுத்தம் சமமாகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள். காற்று உள்ளே புகுந்தால் கூரையை உள்ளிருந்து மேலே தள்ளும், ஓடும் ஷீட்டும் போட்ட வீட்டில் அதுதான் கூரையைத் தூக்குவது. எல்லாவற்றையும் சாத்தித் தாழ் போடுங்கள்.

ஏசி அறைக் கண்ணாடியில் வியர்க்கிறது

வெளிப்பக்கம் வியர்த்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது, விடிந்தால் காய்ந்துவிடும். உள்பக்க ஓரங்களில் துளி நின்றால் எங்கோ சந்து வழியாக ஈரக்காற்று நுழைகிறது. மறுபடியும் ஊதுபத்திதான், ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் புகை துடிக்கிற இடத்தில் சந்து இருக்கும். அங்கே ரப்பர் பட்டையோ பிரஷ் பட்டையோ ஒட்டுங்கள். தெருச்சத்தம் உள்ளே வருவதற்கும் பெரும்பாலும் இதே சந்துதான் காரணம், தடிமனான கண்ணாடிக்குச் செலவழிப்பதற்கு முன்னால் இதை அடைத்துப் பாருங்கள்.

நிலையைத் தட்டினால் பொத்தென்று கேட்கிறது

திருப்புளியின் கைப்பிடியால் நிலையை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் டொக் டொக்கென்று கேட்கும், கரையான் தின்ற இடம் பொத்தென்று அமுங்கும், பெயின்ட் தோல் மட்டும் நிற்கும். மண்கோடு சுவரில் எங்கிருந்து ஏறி வருகிறது என்று தேடுங்கள், பெரும்பாலும் தரை ஓரத்துச் சந்திலிருந்து வரும். மரத்துக்கு மட்டும் மருந்து அடித்தால் போதாது, அந்தச் சந்திலும் நிலையைச் சுற்றிய சுவரிலும் துளை போட்டு மருந்து இறக்க வேண்டும். நிலையை மாற்றுவதாக இருந்தால் சுவருக்குள் மறையப்போகிற பக்கத்துக்குத் தார் அடித்து, காய்ந்த பிறகு நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்தும்போது பக்கத்திலேயே இருந்து பாருங்கள், ஏனென்றால் பூசி முடித்த பிறகு அந்தப் பக்கத்தை யாராலும் பார்க்க முடியாது.